படகில் என் சட்டையோடு ஒருவர்

லீவு விண்ணப்பத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "கிணற்றில் வெல்லம் போடுவதற்காக" என்று எழுதியிருந்தால் மஸ்கட்டில் என் மேனேஜர் என்னை லீவில் அனுப்பியிருக்க மாட்டார், ஒரேயடியாக அனுப்பியிருப்பார். அதனால் "குடும்ப விஷயம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

விஷயம் இதுதான். எனக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஆரம்பித்து, அது இரண்டாகி, போன வருடம் இன்சுலின் பேனாவுக்கு வந்து சேர்ந்தேன். பார்க்க எழுதுகிற பேனா மாதிரியே இருக்கும். உள்ளே மருந்துக் குழாய். பின்பக்கத்துக் குமிழைத் திருகி எத்தனை யூனிட் என்று வைத்து வயிற்றில் குத்தி அமுக்கினால் முடிந்தது. காலையில் பதினெட்டு, ராத்திரி பன்னிரண்டு. இந்த வருடம் மூன்று மாதச் சராசரி கொஞ்சம் இறங்கியது. நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன். என் மனைவி மல்லிகா திருவந்திபுரத்துப் பெருமாளுக்குச் சொன்னாள். அந்தக் கோயில் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம்.

"நீங்கதான் போயி போடணும். ஒடம்பு உங்களுது."

"உப்பக் கொறைக்கச் சொன்னாரு டாக்டர், வெல்லத்த வுடச் சொன்னாரு. மொளகு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். பதிலுக்கு டிக்கெட்தான் வந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காததால் தனியாகக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கடலூருக்கு பஸ். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் முறத்தளவு பலாப்பழத் துண்டு. பண்ருட்டியிலிருந்து மகளுக்குக் கொண்டுபோனதில் மிச்சமாம். ஊரிலிருந்து ஊருக்கே திரும்பிக்கொண்டிருந்தது பழம்.

"ரெண்டு சொள எடுங்க."

"வேணாங்க. எனக்கு சுகர்."

அவ்வளவுதான். பஸ் முழுக்க டாக்டர்கள். முன் சீட்டு அம்மா திரும்பி ஆவாரம்பூ என்றார். பின் சீட்டு, வெந்தயம். அதற்கும் பின்னாலிருந்து ஒரு குரல், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மனசுதான் காரணம்." மஸ்கட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பேரே தெரியாது, இங்கே அரை மணி நேரத்தில் முப்பது பேருக்கு என் சிறுநீரகத்தின் நிலவரம் தெரிந்துவிட்டது. கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். "எங்க மாமனாருக்கு மொதல்ல கட்ட வெரல எடுத்தாங்க. அப்பறம் பாதம். அப்பறம் முட்டி வரைக்கும். அடுத்தது என்னான்னு தெரில… மரக்காணம் எல்லாம் எறங்குங்க!"

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. சிரித்துக்கொண்டேன். வழக்கமாக என் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கடலூரில் மச்சான் செந்தில் காரோடு நின்றான். மல்லிகாவின் தம்பி, கீரப்பாளையத்தில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். ஆறடி உயரம். இடி இடித்தால் இன்னும் காதைப் பொத்துகிறவன். உலகத்தில் அவன் கடவுளுக்குப் பயப்படுவான், கரண்டுக்குப் பயப்படுவான், அக்காவுக்குப் பயப்படுவான். இதில் அக்காதான் முதலில்.

"மாமா, என்னா சட்ட இது?"

பச்சை நிறத்தில் மஞ்சள் அன்னாசிப்பழங்கள் அச்சடித்த சட்டை. மஸ்கட்டில் தள்ளுபடியில் வாங்கியது. வேறு யாரும் எடுக்காததால்தான் தள்ளுபடி என்று மல்லிகா சொன்னாள். "இந்த ஜில்லாவுலயே ஒண்ணுதான் இருக்கும் மச்சான்" என்றேன். மூன்று நாளைக்கு நான்கு சட்டை கொண்டுபோயிருந்தேன்; நான்கிலும் பழம்தான். சாப்பிட முடியாததைப் போட்டுக்கொள்கிறேன்.

திருவந்திபுரத்தில் கெடிலம் ஆறு மணலாகக் கிடந்தது. கோயிலுக்கு எதிரே படிகள் ஏறுகிற சின்ன மலைக்கு ஔஷதகிரி என்று பேர். மருந்து மலை. படிகளில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தலை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது மாதிரி இருந்தது. நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கிணற்றடியில் ஒரு பொட்டலம் வாங்கினேன். முதலில் உப்பு. மழைத் தூறல் போலச் சத்தம் வந்தது. பிறகு மிளகு. அதுவும் கேட்டது. கடைசியில் வெல்லக் கட்டி, கோழிமுட்டை அளவு. போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

"மச்சான், விழுந்துச்சா?"

"விழாம எங்க மாமா போவும்?" என்றான். ஆனால் அவனும் எட்டிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி தன் பொட்டலத்தைப் போட, மூன்றும் ஒழுங்காக விழுந்த சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டோம். அன்றைக்கு ராத்திரி சர்க்கரை நூற்று அறுபது. பரவாயில்லை. பெருமாள் எடுத்துக்கொண்டார் என்று மல்லிகாவிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் சிதம்பரம். கீரப்பாளையத்திலிருந்து போகிற வழியில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியும் பஞ்சர். ஒரு டிராக்டர்காரர் எங்களை ஏற்றி, டயரையும் ஏற்றி, எங்களைவிட டயரிடம் அதிக மரியாதையாக நடந்துகொண்டார். எல்லாம் முடிந்து கோயிலுக்குள் போகும்போது உச்சி வெயில்.

பிரகாரத்துக் கல் கொதித்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த பாதையில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதித்துக் குதித்துப் போனார்கள். செந்தில் ஆறடியையும் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி தாவினான். எனக்கு அந்தக் கூட்டத்தில் இடிபட மனமில்லை. ஓரமாக, வெறும் கல்லில், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக நடந்தேன். நல்ல காற்று. நடுவில் நின்று போட்டோகூட எடுத்தேன்.

நிழலுக்கு வந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாமா, கால் சுடலியா?"

"சுடலியே."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். குனிந்து கையை அந்தக் கல்லில் வைத்தேன். வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். கைக்குச் சுடுகிறது. காலுக்குச் சுடவில்லை. கையும் காலும் ஒரே ஆளுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. கும்பிட்ட அம்மாவிடம் போய், "அம்மா, இது தவம் இல்ல, நரம்பு செத்துப் போச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னைக் கும்பிட்டிருக்கிறார். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ அமுக்குகிற மாதிரி இருந்தது. அந்த யோசனையிலேயே காரில் ஏறிக் கதவை இழுத்து அடித்தேன். டக். சட்டைப் பையிலிருந்து நழுவிய இன்சுலின் பேனா கதவிடுக்கில் மாட்டி இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாய் மட்டும் பத்திரம்.

அன்றைக்கு ராத்திரி ஊசி போடவில்லை. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் முன்னூற்றுப் பதினெட்டு. கீரப்பாளையத்து வயல் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மங்கலாகத் தெரிந்தது. இங்கே என் வீரத்தைச் சொல்லியாக வேண்டும்: குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் அகர வரிசையில் கூப்பிட்டேன். வெளியே வந்து, அன்னாசிப்பழச் சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு, "பேனா வாங்கிட்டு அப்படியே பிச்சாவரம் போவலாம் மச்சான், ஜாலியா" என்றேன்.

சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடை. உடைந்த பேனாவைக் காட்டினேன்.

"இந்தக் கம்பெனி பேனா எங்கிட்ட இல்லண்ணா, சாயங்காலம் வரும்" என்றார் கடைக்காரப் பெண்.

"அப்ப இன்சுலின் சிரிஞ்சு குடும்மா. குழாயிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கறேன்."

"அதுல ரெண்டு வக இருக்கு. உங்க மருந்து நாப்பதா, நூறா? மருந்தக் காட்டுங்களேன்."

மருந்து காரில் ஐஸ் பையில் இருந்தது. பத்தடி தூரம். மஸ்கட்டில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே ஒரே வகைதான். "பதினோரு வருஷ சர்வீஸும்மா எனக்கு. இன்சுலின் சிரிஞ்சுன்னா இன்சுலின் சிரிஞ்சு. குடு" என்றேன். பாரீனில் இருந்து வந்தவனுக்கே உரிய சிரிப்பு ஒன்று உண்டு, அதையும் சிரித்தேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு ஒன்றை எடுத்து வைத்தார். இங்கே எல்லோரும் வாங்குவது அதுதானாம். அந்தப் பத்தடியை நான் நடந்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

காரில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சினேன். பதினெட்டாம் கோடு. நேற்று விட்டதற்கும் பயத்துக்கும் சேர்த்து இன்னும் இரண்டு. இருபதாம் கோடு. குத்தினேன்.

ஓட்டலில் இட்லியும் கொத்சும். சாம்பார் கேட்டதற்கு, பரிமாறியவர், "சிதம்பரத்துக்கு வந்து சாம்பார் கேக்கறீங்களே, பெரியவரே" என்று கத்தரிக்காய் கொத்சை ஊற்றினார். பெரியவரே என்றது வலித்தது. உள்ளங்காலைவிட நன்றாகவே வலித்தது. முன்னூற்றுப் பதினெட்டு ஞாபகத்தில் இரண்டே இட்லியோடு எழுந்துவிட்டேன். கட்டுப்பாடு! என்னை நானே மெச்சிக்கொண்டேன். சோதிக்கிற கருவியைக் காரிலேயே விட்டுவிட்டுப் படகில் ஏறினேன்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு. துடுப்பு போட்டவர் கலியபெருமாள், ஐம்பது வயதிருக்கும், பக்கத்து மீனவர் குப்பம். எங்கள் இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். படகின் மூலையில் முந்தின சவாரிக்காரர்கள் விட்டுப்போன மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒன்று பாதியாக உருண்டுகொண்டிருந்தது.

அகலமான தண்ணீரிலிருந்து படகு காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். கிளையிலிருந்து வேர்கள் இறங்கித் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கின்றன. எல்லா மரங்களும் எங்கோ நடந்து போய்க்கொண்டிருந்து, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்ட மாதிரி. நாங்கள் தாண்டினதும் மறுபடி நடக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். வந்த வழி தெரியவில்லை.

"இங்க எல்லா வாய்க்காலும் ஒரே மாரிதான் சார் இருக்கும்" என்றார் கலியபெருமாள். "எனக்கே சில நாளு தடுமாறும்."

"இத கரையிலயே சொல்லக் கூடாதா?" என்றான் செந்தில்.

நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து கேட்டது. துடுப்பும் அப்படித்தான், தண்ணீரை விட்டு மேலே வந்த பிறகுதான் அது தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது. உதடு மரத்துப் போயிருந்தது. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. எல்லாம் ரொம்ப அமைதியாக, ரொம்ப அழகாக இருந்தது. எனக்கு ஒரு கவலையும் இல்லை.

அப்போதுதான் படகின் முன்பக்கத்தில் அவரைப் பார்த்தேன்.

என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சை. மஞ்சள் அன்னாசிப்பழம். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து, சட்டை ஒட்டிப்போயிருந்தது. எங்களுக்கெல்லாம் ஜாக்கெட் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் கொடுக்காமல் விட்டுவிட்டாரே கலியபெருமாள் என்று வருத்தமாக இருந்தது. தண்ணீரில் விழுந்தால் இவர் என்ன செய்வார்?

எண்ணினேன். செந்தில் ஒன்று, கலியபெருமாள் இரண்டு, நான் மூன்று, அவர் நான்கு. மூன்று பேர்தானே ஏறினோம்? மறுபடி எண்ணினேன். நான்கு. என்னை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். அப்போது சரியாக மூன்று வந்தது.

நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை இரண்டு பேரும் பிற்பாடு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கவனித்தது கலியபெருமாள். துடுப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, சார் மூஞ்சியப் பாரு. வேர்வ ஊத்துது. கை நடுங்குது. சுகரு எறங்கிடுச்சு" என்றிருக்கிறார். "என் சம்சாரத்துக்கு இப்படித்தான் ஆவும்." உருண்டுகொண்டிருந்த ஜூஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகியிருக்கிறார்.

செந்தில் பாய்ந்து பாட்டிலைப் பிடித்துவிட்டான். "ஐயோ, இனிப்பா? மாமாவுக்கு சுகருங்க! காலையிலயே முன்னூத்திப் பதினெட்டு! இத குடிச்சா செத்துடுவாரு!"

"ஏறி இல்லப்பா, எறங்கி இருக்கு."

"முன்னூறுலேர்ந்து மூணு மணி நேரத்துல எப்படிங்க எறங்கும்? படகத் திருப்புங்க, ஆஸ்பத்திரிக்கு போவணும்."

"ஆஸ்பத்திரி இருக்கட்டும். இந்த வாய்க்காலத் தாண்டறதுக்குள்ள ஆளு போயிடுவாரு. எங்க தெருவுலயே பாத்திருக்கேன்."

"நீங்க பாட்டுக்கு வெஷத்தக் குடுப்பீங்க, அக்காவுக்கு நானா பதில் சொல்றது?"

"சரி, அப்ப சாரையே கேளு."

கேட்டிருக்கிறார்கள். நான் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னேனாம்: "வேணாங்க. எனக்கு சுகர்."

பதினொரு வருடமாக எத்தனை கல்யாணப் பந்தியில், எத்தனை பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் சொன்ன வார்த்தை. மூளை கடையை மூடிவிட்டுப் போன பிறகும் வாசலில் அந்த போர்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாத்தீங்களா!" என்றான் செந்தில்.

படகு திரும்பியது. இரண்டுக்கு ஒன்று, நோயாளியும் எதிர்க்கட்சி. கலியபெருமாள் என்ன செய்வார்? தன்னால் முடிந்த வேகத்தில் துடுப்பு போட்டார். சண்டை நடந்துகொண்டிருந்தபோதே நான் போனை வாய்க்கு எதிரில் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தேனாம். வீடியோ எடுக்கிறேன் என்று நினைத்தானாம் செந்தில். பிறகு போன் மடியில் விழுந்தது. தலை சரிய ஆரம்பித்தது. செந்தில் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். ஆனாலும் பாட்டிலை விடவில்லை.

அப்போது அவன் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து அக்கா.

"டேய், அங்க இனிப்பு என்னா இருக்கு?"

"அக்கா… மாமாவுக்கு…"

"தெரியும். என்னா இருக்கு?"

"ஜூஸு. ஆனா அவருக்கு சுகரு, முன்னூத்தி…"

"செந்தில். அவரு வாயில ஊத்துடா. இப்பவே. முழுங்கறாரான்னு பாத்துப் பாத்து ஊத்து. கேள்வி கேக்காத."

ஊற்றினான். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுக்க, யாரோ ஒரு குழந்தை குடித்து மிச்சம் வைத்த ஜூஸை நான் குடித்திருக்கிறேன்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது மாம்பழம். பிறகு தண்ணீர் சத்தம், துடுப்பு விழுகிற அதே நேரத்தில். பிறகு மூக்கு ஒழுக ஒழுக ஆறடிச் செந்தில். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். படகின் முன்பக்கம் காலியாக இருந்தது. குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் அன்னாசிப்பழச் சட்டை என்மேல்தான் இருந்தது, பிழிந்தால் சொட்டுகிற மாதிரி.

"முன்னாடி ஒருத்தர் இருந்தாரே?" என்றேன்.

கலியபெருமாள் துடுப்பைப் போட்டபடியே, "இல்ல சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் சம்சாரமும் கேப்பா" என்றார்.

கரையில் சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட். தேறிவிட்டேன், கிளம்பலாம் என்றேன். "மறுபடி எறங்கும் சார், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போங்க" என்று காரில் ஏற்றிவிட்டுத்தான் கலியபெருமாள் நகர்ந்தார்.

வழியில் ஒரு சுகாதார நிலையம். விரலைக் குத்திப் பார்த்தால், அவ்வளவு இனிப்புக்குப் பிறகும் ஐம்பத்தெட்டு. டாக்டர் பார்த்துவிட்டு குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். நர்ஸ் நிதானமானவர். என் பையிலிருந்து சிரிஞ்சையும் மருந்துக் குழாயையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணா, இந்த மூடி என்னா கலரு?"

"செவப்பு."

"செவப்புன்னா நாப்பது சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட்டு. இங்க பாட்டில்ல வர்ற மருந்துக்கு உள்ளது. உங்க கொழாய்ல என்னா போட்டிருக்கு? படிங்க."

"நூறு."

"அதே அளவுல ரெண்டர மடங்கு மருந்து. நீங்க போட்டது இருபது இல்ல. அம்பது."

எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

"உங்களுக்குப் பதினெட்டுன்னுதான சீட்டுல இருக்கு? மேல ரெண்டு போடச் சொன்னது யாரு?"

"பயம்தான் சொல்லுச்சும்மா."

"அதுக்கு டாக்டரு பட்டம் யாரு குடுத்தது?" என்று சொல்லிவிட்டு, என் உள்ளங்கால் கொப்புளத்துக்கு மருந்து வைக்க உட்கார்ந்தார். இந்த மருந்தின் வேலை சாயங்காலம் வரைக்கும் இருக்கும், அரை மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்க்கணும், தான் சொல்கிற வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்.

நர்ஸ் போனதும் செந்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "மாமா, அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் சொல்லல. அந்தாளு கிட்ட அக்கா நம்பரு இல்ல."

எனக்கும் அதுதான். கூப்பிட்டேன். மல்லிகா எடுத்தவுடன், "நான் யாருன்னு தெரியுதா?" என்றாள்.

"என்ன கேள்வி இது? மல்லிகா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. கேளுங்க. கேட்டுட்டுக் கூப்புடுங்க."

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மத்தியானம் பன்னிரண்டு ஏழுக்கு என் போனிலிருந்து போயிருந்தது. அனுப்பியதாக எனக்கு நினைவே இல்லை. காதில் வைத்துக் கேட்டேன்.

முதலில் தண்ணீர் சத்தம். தூரத்தில் செந்தில், "அக்காவுக்கு நானா பதில் சொல்றது" என்று கத்துவது கேட்டது. பிறகு ஒரு குரல். என் குரல்தான். ஆனால் நான் அப்படிப் பேசுவதில்லை. அவசரமே இல்லாமல், தாழ்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கிற குரல்.

"வணக்கம்மா. நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. இந்த போன்ல மொதல்ல உங்க படந்தான் இருக்கு. அதனால இவருக்கு நீங்க வேண்டியவங்கன்னு நெனைக்கிறேன். இங்க படகுல முன்னாடி ஒருத்தர் உக்காந்திருக்காரு. பச்ச சட்ட, பழம் போட்டது. அவருக்கு ரொம்ப வேர்க்குது. சுகர் எறங்கியிருக்கும்னு நெனைக்கிறேன். இனிப்பு குடுக்கணும். இவங்க ரெண்டு பேரும் சண்ட போடறாங்க, குடுக்க மாட்டேங்கறாங்க. அவரும் கேக்க மாட்டாரு. அவரு எப்பவும் சிரிச்சு சமாளிச்சுக்கிட்டே இருப்பாரு. ஆனா பயந்துபோயிருக்காரு. நல்ல மனுஷந்தான். யாராவது வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

அதற்கப்புறம் துடுப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

மூன்று தடவை கேட்டேன். செந்தில் கையை நீட்டினான், கொடுத்தேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

நர்ஸ் வந்து விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பத்திரெண்டு" என்று எழுதிக்கொண்டு போனார். மல்லிகாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவளே கேட்டாள்.

"அந்த மனுஷன் இப்ப எப்படி இருக்காரு?"

இந்தக் கேள்வியைப் பதினொரு வருடமாக எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறாள். எத்தனையோ விதமாகச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"ரொம்ப பயந்துபோயிருக்காரு மல்லிகா" என்றேன்.